அகலமில்லாத எழுத்து

கஸ்தூரியார் வீதியில் எங்கள் அச்சகத்துக்கு மூன்று கணினி.
ஒன்று படம் வெட்ட, ஒன்று கணக்குக்கு.
ஜெபநேசன் அண்ணை விற்கவும் மாட்டார், திருத்தவும் மாட்டார்
என்கிற மூன்றாவது எனக்கு.
அதில் பாமினி மட்டும்தான் ஒழுங்காய் வேலை செய்யும்.
அம்மா என்று அடிக்கையில் என் விரல் அழுத்துவது
எம், கே, அரைப்புள்ளி, கே, எச்.
எழுத்துரு இல்லாத இடத்துக்குப் போனால்
எல்லா அம்மாவும் அரைப்புள்ளியோடு கிடக்கும்.

மார்கழியில் ஒரு கல்வெட்டு வேலை.
கொக்குவில் கிழக்கு, மார்க்கண்டு சிவபாக்கியம்,
முப்பத்தோராம் நாள், இருநூறு பிரதி.
அட்டையில் கோபுரம் வேண்டாம்,
அவ வளர்த்த செவ்வரத்தை போதும் என்றா
இங்கேயே இருக்கிற மகள் கருணாகரி.
மற்றப் பிள்ளைகளின் செய்தி மின்னஞ்சலில் வந்திருந்தது.
நான் திறந்தேன்.
ஈரக் குடையோடு பின்னால் நின்றா.

ஸ்காபரோவிலிருந்து யோகமலர்.
தேவாரம் ஒன்று, பிழையில்லாமல்.
பிறகு ஒரு குடும்பம்:
அப்பா அம்மா மகள் மகன் ஒட்டி நிற்கும் சின்னப் படம்.
அவவின் ஃபோனில் ஒட்டித்தான் நின்றிருக்கும்.
இங்கே நாலு தலை, கறுப்புக் கோட்டில்,
அடையாள அட்டைக்கு வரிசையில் நிற்கிற மாதிரி.

"ஏன் பிள்ளை இவையள் பிரிஞ்சு நிக்கினம்?"

அது நாலு படம் அன்ரி, என்றேன்.
இடையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து இருக்கு,
அகலமும் இல்லை, சத்தமும் இல்லை.
பக்கத்தில் நிற்கிறவரைப் பிடி என்று சொல்வதுதான் வேலை.
"அப்ப இதுக்குள்ள அந்த எழுத்து இல்லையோ?"
இருக்கு. மூன்று தரம் இருக்கு.
இந்த மெஷினுக்குத்தான் வாசிக்கத் தெரியேல்லை.

மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
தலைகளுக்கு நடுவில் கொஞ்ச நேரம் பார்த்தா.

அடுத்தது ஒஸ்லோ. புவனேந்திரன்.
'செத்தவீட்டுக்கு வர முடியேல்லை.
அந்தியேட்டிக்கு வாறன்.'
அதன் பின்னால், முற்றுப்புள்ளியில் இடித்துக்கொண்டு,
இரண்டு ஆங்கில எழுத்து. என், ஓ.

நோ.

வெளியே யாரோ ஓட்டோவைப் பின்னுக்கு எடுத்தார்கள்.
"எனக்குத் தெரியும்," என்றா.
"சின்னனில இருந்தே உப்பிடித்தான்.
ஓம் எண்டுபோட்டு, பிறகு இல்லை எண்டுவான்."
அந்த இடத்திலேயே ஐயருக்கு ஃபோன் எடுத்து
மகன் வரேல்லை, மருமோனே செய்யட்டும் என்றா.

எனக்கு அந்த எழுத்துகள் உறுத்தின.
பக்கத்து எழுத்துகளைவிடக் கொஞ்சம் ஒடுங்கி இருந்தன.
பிரதி எடுத்து ஒட்டிப் பார்த்தால்
நடுவில் கர்சர் நுழைய மறுத்தது.
விரலால் எழுதிய 'நோ' அப்படி இறுகாது.

நரிப் படம் போட்ட மற்ற உலாவியில் திறந்தேன்.
சிவப்பு. அதில் வெள்ளைக்குள் நீலச் சிலுவை.
நோர்வேக் கொடி.

எது நாடு, எது நாடில்லை என்ற வழக்குக்குள்
கால் வைக்க விரும்பாத யாரோ
கொடியே கீற வேண்டாம் என்று விட்டிருப்பார்களாக்கும்.
பெயரில் இரண்டு எழுத்தைப் போட்டுவிட்டு ஒதுங்கியாச்சு.
அந்தப் பயம் எங்களுக்கு விளங்காததில்லை.

"அப்ப வாறானோ?"
வாறன் என்றுதான் எழுதியிருக்கு அன்ரி.
கொடி அதைப்பற்றி ஒன்றும் சொல்லேல்லை.
ஐயரின் ஃபோன் வேறு யாரோடோ கதைத்துக்கொண்டிருந்தது.

பாமினியில் இதெல்லாம் வெறும் பெட்டியாய் வரும்,
எடுத்துவிடு, என்றார் ஜெபநேசன் அண்ணை.
கொடி ஒரே அழுத்தில் போனது.

குடும்பத்துக்கு ஏழு தரம் அழுத்தினேன்.
நாலு தரம் ஒவ்வொரு தலையாய்ப் போனது.
மூன்று தரம்
திரையில் ஒன்றும் அசையவில்லை.